முள்ளு எண்பதில் நிற்கிறது

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இதை ரெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எடுத்து மூன்று நிமிடத்தில் "சரி அப்பா, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். லான்ட்ரோவருக்கு இஞ்சின் சூடு காட்டுகிற மீற்றர் பூட்டிய கதை மூன்று நிமிடத்தில் முடிகிற கதையில்லை.

மாசியில் வந்த பார்சலை நான் பிரித்ததே நல்லூர்க் கொடி இறங்கிய பிறகுதான். லான்ட்ரோவரின் டாஷ்போர்டில் இத்தனை வருடமாக வாய் பிளந்துகொண்டிருந்த அந்த ஓட்டைக்குள், நீ அனுப்பிய 52 மில்லிமீற்றர் மீற்றர் அச்சொட்டாக இறங்கியது. அளவை நீ ஞாபகம் வைத்திருந்தாய் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அங்கே போய் இவ்வளவு காலமாகியும் மறக்கவில்லை.

மீற்றர் இறங்கியதே தவிர, வேலை செய்யவில்லை. இஞ்சினில் தண்ணீரின் சூட்டை உணர்ந்து மீற்றருக்கு அனுப்புகிற பழைய சென்டர் ஏற்கெனவே இருக்கிறதே, அது போதும் என்று அதிலேயே வயரைக் கொடுத்தேன். இஞ்சின் கொதிக்கக் கொதிக்க முள்ளு அறுபதைத் தாண்டவில்லை. பிறகு சென்டரைக் கழற்றி, ஒரு கம்பியில் கட்டி, அம்மாவின் கேத்தலுக்குள் தொங்கவிட்டேன். (புதுக் கேத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டேன், அதை வேறு யாரும் உனக்குச் சொல்ல வேண்டாம்.) கொதிக்கிற தண்ணீர் நூறு பாகை, மீற்றரோ எழுபது என்றது. சூடு ஏற ஏற சென்டரின் தடை குறையும், மீற்றர் அதைத்தான் வாசிக்கிறது. ஆனால் எந்தச் சூட்டுக்கு எத்தனை ஓம் என்பது ஒவ்வொரு கொம்பனிக்கும் வேறு. அதனால் மீற்றரும் சென்டரும் சோடியாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு நம்முடையது 1968ஆம் ஆண்டு வண்டி. அதன் பழைய ஸ்மித்ஸ் மீற்றருக்குப் பற்றறியின் 12 வோல்ற் நேரே போகாது. ஸ்பீடோமீற்றருக்குப் பின்னால் ஒரு சின்னத் தகரப் பெட்டி மின்னை விட்டுவிட்டு வெட்டி, சராசரி பத்தாக்கிக் கொடுக்கும். புது மீற்றருக்கு முழுப் பன்னிரண்டும் வேண்டும். நான் பழைய வயரையே கொடுத்திருந்தேன், அதுவும் பிழை. நீ மீற்றரோடு அனுப்பிய சென்டரின் மரை வேறு சின்னது, இஞ்சின் ஹெட்டில் இருக்கிற துளையோ 5/8 அங்குலம். ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு லேத்தில் பித்தளையில் இடையில் பூட்ட ஒரு புஷ் கடைவித்தேன். ஒழுகாமல் இருக்கட்டும் என்று மரையில் வெள்ளை ரேப்பைச் சுற்றிப் பூட்டினால் முள்ளு அசையவே இல்லை! அந்தச் சென்டருக்கு ஏர்த், அதாவது மின் திரும்பிப் போகிற வழி, இஞ்சினின் உடம்பால்தான் வருகிறது, ரேப் அதை மறித்துவிட்டது. ரேப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் சரி வந்தது. இப்போது கொக்குவிலில் இருந்து சாவகச்சேரி போய் வந்தாலும் முள்ளு எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில் நிற்கிறது.

ஒன்று மட்டும் கவனம். தண்ணீர் நன்றாகக் குறைந்தால் சென்டர் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது முள்ளு ஏறாது, இறங்கும். இஞ்சின் குளிர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போவோம்.

போன ஞாயிறு நீ "எல்லாம் ஓகே அப்பா" என்றாய். உனக்குப் பின்னால் இருந்த சுவர் வேறு சுவர். சாமிப்படம் இல்லை, சின்னவள் ஒட்டி வைத்த படங்களும் இல்லை. அம்மா கண்ணாடி போடாமல் பார்த்தா, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. நான் கண்ணாடி போட்டிருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலையென்றால் பகலில் நித்திரை கொள். சித்தப்பாவுக்காவது ஒரு கோல் எடு, பக்கத்தில்தானே இருக்கிறார். உன்னைப்போல் பிள்ளை கிடைக்க வேண்டுமென்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஆறு மாதமாக மூன்று நிமிடத்துக்கு மேல் கதைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த மீற்றரை ஏன் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன் என்று அம்மா கேட்டா. அவவுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது பெரியம்மாவைப் பார்க்கப் போனோமே, முகமாலை தாண்டி. உனக்குப் பதினொரு வயது, நடுவில் இருந்தாய். ஆனையிறவுக்கு முதலே "அப்பா, முள்ளு மேல போகுது" என்றாய். இரண்டாம் தரமும் சொன்னாய். "வாயை மூடிக்கொண்டு இரு, அது பழைய மீற்றர், பொய் சொல்லும்" என்று கத்தினேன். மூன்றாம் தரம் நீ சொல்லவில்லை. முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உப்புவெளியில் ஆவி கிளம்பி வண்டி நின்றது. இரண்டு பக்கமும் மிதிவெடி என்ற மண்டையோட்டுப் பலகை, தண்ணீர் தேட வீதியை விட்டு இறங்க ஏலாது. உன் போத்தல் தண்ணீரைப் பறித்து, அந்தக் கொதியிலேயே ரேடியேற்றருக்குள் ஊற்றினேன். ஹெட் வெடித்தது அதனால்தான். ஊருக்கெல்லாம் மீற்றர் பழுது என்று சொன்னேன். அடுத்த கிழமை அதைக் கழற்றி எறிந்தேன். அது பழுதில்லை, தம்பி. சரியாகத்தான் காட்டியது. நீயும் சரியாகத்தான் சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ எனக்கு எதையும் இரண்டாம் தரம் சொன்னதில்லை. கணித வகுப்பை விட்டதையும் வாத்தியார் சொல்லித்தான் அறிந்தேன். வாயில் கொழுக்கட்டையை அடைத்து வைத்திருக்கிற பிள்ளை என்று உன்னைப் பகிடி பண்ணியதும் நான்தான்.

இப்போது எனக்குக் கத்துகிற வயதில்லை. கத்தினாலும் ரொறன்ரோவுக்குக் கேட்காது.

அம்மா மிளகாய்த்தூள் இடிப்பித்து வைத்திருக்கிறா, இரண்டு கிலோ. ஒடியலும் கொஞ்சம் இருக்கிறது. பழைய முகவரிக்கே அனுப்பட்டுமா, வேறு முகவரி இருக்கிறதா என்று எழுது. ஒரு வீட்டுக்கென்றால் ஒரு பொதி, இரண்டென்றால் பிரித்துக் கட்டுகிறேன்.

அப்பா