பிடிபட்ட செய்தி வருகிறது, விடுபட்ட செய்தி வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதைப் பொருளோடு இந்திய இளைஞர்கள் பிடிபட்டார்கள் என்ற செய்தியை நம் மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறேன். விலங்கு மாட்டி, தலையைக் குனிந்து நிற்கிற படமும் பல நேரம் கூடவே வரும். அதே பையன்களில் ஒருவன் பிறகு லேப் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வெளியே வந்தால், அதைப் போட ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை. இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

தோட்டம் துண்டாடப்பட்டு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்ட எங்களைப் போன்றவர்கள் இருக்கிற சின்னப் பட்டணங்களில் சாபு (மெத்தம்பெட்டமைன் போதைப் பொருள்) பிரச்சினை உண்மையிலேயே இருக்கிறது. அதை யாரும் மறைக்க வேண்டாம். பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று ஸ்டேஷனில் போய் அழுத தாய்மார்களை எனக்குத் தெரியும். விற்கிறவனைப் பிடிக்கட்டும், நன்றி சொல்வேன். ஆனால் விற்கிறவன் பெரிய காரில் போகும்போது, ஷிப்ட் முடித்து பழைய மோட்டார் சைக்கிளில் வருகிறவனைத்தான் நிறுத்துகிறார்கள்.

என் அக்கா மகனுக்கு நடந்தது இது. செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவனை போலீஸ் வழியில் நிறுத்தி, ஐசியை (அடையாள அட்டையை)ப் பார்த்து, ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் சிறுநீர் கேட்டிருக்கிறார்கள். எந்தக் குற்றத்துக்காக என்று சொல்லவில்லை. போத்தலில் அவன் கண்முன்னால் பெயர் எழுதவில்லை, சீலும் வைக்கவில்லை. அக்காவுக்கு மறுநாள் மாலை வரை தகவலே இல்லை, மகன் விபத்தில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். 'ஒப்புக்கொள், அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ' என்று அங்கே ஒருவர் சொன்னாராம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் லேப் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது, அதற்குள் ஆலையில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒப்புக்கொள்வதில் உள்ள ஆபத்து நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப் பொருள் சட்டத்தின் 15வது பிரிவில் (போதைப் பொருள் உட்கொண்ட குற்றம்) 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. சரி, அபராதத்தோடு போகட்டும் என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள், ஏனென்றால் கோர்ட்டுக்கு அலைய லீவு கிடைக்காது, வக்கீலுக்குப் பணம் கிடையாது. ஆனால் அந்தத் தீர்ப்பு பதிவில் நிற்கும். அப்படி இரண்டு முறை தீர்ப்பாகி மூன்றாம் முறை மாட்டினால் 39சி பிரிவில் குற்றம் சாட்டலாம், அது 5 முதல் 7 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. செய்யாத தப்பை ஒப்புக்கொண்ட பையன் அந்தப் பாதையில் முதல் அடியை அங்கேயே வைத்துவிடுகிறான்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. மடியில் கனத்தை வேறொருவர் வைத்துவிட்டால் என்ன செய்வது? அதே சட்டத்தின் 37வது பிரிவைப் படித்துப் பாருங்கள். உங்கள் கையில் அல்லது கட்டுப்பாட்டில் உள்ள பையிலோ மோட்டார் பெட்டியிலோ போதைப் பொருள் கிடைத்தால், அது உங்களுடையது, அது என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஹெரோயின் 15 கிராம், சாபு 50 கிராம், கஞ்சா 200 கிராம் என்ற அளவை எட்டினால் கடத்தல் என்று எடுத்துக்கொள்ளப்படும், அதற்கு மரண தண்டனைகூட விதிக்கலாம். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை போனது நல்லதுதான், நீதிபதி இனி வேறு தண்டனையும் கொடுக்கலாம். ஒரு ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தை அடுக்குவதற்கு இடம் கொடுத்த 37ஏ பிரிவை 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. ஆனால் பையில் கிடைத்தது உன்னுடையது என்கிற முதல் ஊகம் அப்படியே இருக்கிறது. இப்படி ஒரு சட்டம் இருக்கும்போது, பொட்டலத்தை எங்கே, யார் முன்னிலையில் எடுத்தார்கள் என்பதை கேமராவில் பதிவு செய்யாமல் விடுவது எப்படி நியாயம்?

புகார் செய்யலாமே என்பார்கள். 2005இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் போலீசைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று சொன்னது. 2009இல் குகன் என்ற இளைஞர் போலீஸ் தடுப்புக்காவலில் இறந்தபோதும் அதையேதான் எல்லோரும் கேட்டோம். அப்புறம் இத்தனை வருடம் கழித்து 2023 ஜூலையில்தான் ஐபிசிசி என்ற சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் வேலையைத் தொடங்கியது. அதுவும் விசாரித்துப் பரிந்துரை செய்யலாம், தானாகத் தண்டிக்க அதிகாரம் இல்லை. எனக்கு அது போதவே போதாது. இருந்தாலும் புகார் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைதானவுடன் என்ன கேட்கலாம் என்று தெரிந்திருந்தால் அக்கா மகன் அன்றே கேட்டிருப்பான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவின்படி கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விசாரிக்கும் முன் குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 15வது பிரிவு மாதிரி சின்னக் குற்றத்துக்கு ரிமாண்டு (விசாரணைக் காவல்) முதலில் 4 நாள், பிறகு 3 நாள், அதற்கு மேல் முடியாது. ரிமாண்டின்போது குடிமக்களுக்கு இலவசமாக வாதாட 2012 முதல் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது, மலாயில் ஒய்பிஜிகே என்று கேட்டால் தெரியும். சிறுநீரை இரண்டு போத்தலில் எடுத்து, கொடுத்தவன் கண்முன்னால் பெயர் எழுதி சீல் வைக்கச் சொல்லுங்கள். இருமல் மருந்து குடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோடீன் கலந்த மருந்தாலும் முதல் சோதனை பாசிட்டிவ் காட்டும்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டுதான். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்படும் வரை கைதானவர் பெயரையும் முகத்தையும் போடாதீர்கள், போட்டுவிட்டால் அவர் விடுதலையாகும்போது அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். அடுத்து, மேலே நான் எழுதிய உரிமைகளை ஒரு வக்கீலிடம் சரிபார்த்து ஞாயிறு பதிப்பில் பெட்டிச் செய்தியாகத் தமிழில் போடுங்கள். கத்தரித்து எங்கள் கோயில் மண்டபத்திலும் ஆலை கேண்டீனிலும் ஒட்டுவதற்கு ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தோட்டப் பட்டண வாசகர்,
பேராக்.