பழுது கீபோர்டில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் சென்ற வாரம், விண்டோஸ் சரியாகத் திறக்காமல் பாதியில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்த வாசகருக்கு, கணினியை ஆன் செய்தவுடன் எஃப்8 விசையை விடாமல் அழுத்தினால் சேஃப் மோடுக்கு, அதாவது மிக அவசியமானவை மட்டும் இயங்கும் நிலைக்குப் போய்விடலாம் என்று பதில் தரப்பட்டிருந்தது. விண்டோஸ் 7 காலத்தில் இது மிகச் சரியான பதில். இன்று வீடுகளில் இருக்கும் பெரும்பாலான கணினிகளில் அது பலிக்காது. பலிக்காதபோது அந்த வாசகர் பதிலைச் சந்தேகிக்க மாட்டார், தம் விரலையோ கீபோர்டையோதான் சந்தேகிப்பார். பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டி.டி.பி. நிலையம் நடத்தி வருகிறேன். அந்தச் சந்தேகத்துக்காகப் பணத்தைத் தொலைத்தவர்கள் என் கடைக்கு வந்துகொண்டே இருப்பதால் இதை எழுத நேர்ந்தது.

சில வாரங்களுக்கு முன் கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, தம் மகனையும் அவனுடைய மடிக்கணினியையும், கூடவே பெட்டியைக்கூடப் பிரிக்காத புதிய கீபோர்டு ஒன்றையும் அழைத்துக்கொண்டு வந்தார். மகனுக்குக் கல்லூரிப் பாடத்துக்காக, விண்டோஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் போட வேண்டும். பென் டிரைவில் எல்லாம் தயார். எஃப்12 அழுத்தினால், எதிலிருந்து கணினியைத் திறப்பது என்று கேட்கும் பூட் மெனு வரவேண்டும், வரவில்லை. ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "கீபோர்டு போயிடுச்சு, மாத்தணும்னா 3,500 ஆகும்னு சொன்னாங்கண்ணா. அதுவரைக்கும் இதைச் செருகி வேலை பாருங்கன்னு 450 ரூபாய்க்கு இதைக் கொடுத்தாங்க" என்றார் அந்த அம்மா. பையன் வாயைத் திறக்கவில்லை. தான் ஏதோ கெடுத்துவிட்டதாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நான் முதலில் வேர்டைத் திறந்து எஃப்12-ஐத் தட்டினேன். கோப்பை வேறு பெயரில் சேமிக்கும் சிறு பெட்டி உடனே வந்து நின்றது. அந்த விசைக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. பிறகு ஸ்டார்ட் மெனுவில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்கி, நீலத்திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூ.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போய், விண்டோஸுக்கும் முன்னால் இயங்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்தோம். அங்கே 'எஃப்12 பூட் மெனு' என்ற வரிக்கு எதிரில் 'டிஸேபிள்டு' என்று இருந்தது. சில மாடல்கள் ஆலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருகின்றன. அதை 'எனேபிள்டு' என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வந்ததும், அடுத்த முறை எஃப்12 முதல் தட்டலிலேயே பூட் மெனுவைக் காட்டியது. மொத்தம் நான்கு நிமிட வேலை. கீபோர்டுப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எஃப்8 விஷயத்துக்கு வருகிறேன். அந்த விசை எங்கும் கெட்டுப்போகவில்லை. அதற்காகக் காத்திருக்கும் வழக்கத்தைத்தான் கணினி விட்டுவிட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே இதை எழுதி விளக்கினார்கள். புதிய கணினிகள் அத்தனை வேகமாகத் திறப்பதால், எஃப்2, எஃப்8 போன்ற விசைகளைக் கவனிக்கக் கிடைக்கும் இடைவெளி 200 மில்லிசெகண்டுக்கும் குறைவு, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மனிதர் எவ்வளவு வெறியோடு தட்டினாலும் ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையே ஏறத்தாழ 250 மில்லிசெகண்டு ஆகிவிடுகிறது. தட்டல் அந்த இடைவெளிக்குள் விழுவதும் விழாமல் போவதும் அதிர்ஷ்டம். ஆகவே விண்டோஸ் 8 முதல் எஃப்8 வழியை இயல்பாகவே நிறுத்திவைத்துவிட்டு, விண்டோஸுக்குள்ளிருந்தே பழுதுபார்க்கும் மெனுவுக்குப் போகும் வழியை வைத்தார்கள். நான் மேலே சொன்ன ஷிஃப்ட்டும் ரீஸ்டார்ட்டும் அந்த வழிதான். சேஃப் மோடு வேண்டுமானால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுத்து, மறுபடி கணினி திறக்கும்போது எண் 4-ஐ அழுத்த வேண்டும்.

விண்டோஸே திறக்காதபோது உள்ளிருந்து எப்படிப் போவது என்று கேட்பது நியாயம். தங்கள் வாசகரின் கேள்வியும் அதுவே. விண்டோஸ் திறக்கத் தொடங்கும் வேளையில் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைப்பதை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை செய்தால், ஏதோ கோளாறு என்று உணர்ந்து கணினி தானாகவே அந்தப் பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். பார்ப்பதற்கு முரட்டு வைத்தியம்போல் இருந்தாலும் மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்புகளிலேயே சொல்லும் முறைதான் இது.

பலரைக் குழப்பும் இன்னொன்று ஷட் டவுன். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியை ஷட் டவுன் செய்தால், இயங்குதளத்தின் உட்பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப் போகிறது. மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்கிறது. உண்மையாக முதலிலிருந்து தொடங்குவது ரீஸ்டார்ட் செய்யும்போது மட்டுமே. "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தேன் சார், வரலை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்பதுதான். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

இவற்றையெல்லாம் கடந்து, கீபோர்டின் பக்கமே காரணம் இருக்கும் சில சமயங்களும் உண்டு. அப்போதும் அது பழுது என்றாகிவிடாது. ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் விண்டோஸ் வந்த பிறகுதான் கணினியோடு சேர்கிறது, ஆகவே தொடக்கத்தில் அதை அழுத்துவது ஊமையோடு பேசுவதற்குச் சமம். யூ.எஸ்.பி. கீபோர்டை, ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் வழியாகச் செருகியிருந்தாலோ, பயாஸில் 'ஃபாஸ்ட் பூட்' போட்டு யூ.எஸ்.பி. கருவிகளைத் தேடும் வேலையைத் தள்ளிவைத்திருந்தாலோ இதே கதைதான். எங்கள் கடையில் நாங்கள் செய்யும் சோதனை எளிது. கணினி ஆன் ஆகி நிறுவனச் சின்னம் தெரியும் நேரத்தில் 'Num Lock' விசையைத் தட்டிப் பார்ப்போம். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி கீபோர்டின் குரலைக் கேட்கிறது என்று பொருள். விளக்கு அசையாவிட்டால் கம்பியைப் பிடுங்கி, சி.பி.யூ.வின் பின்புறம் மதர்போர்டிலேயே இருக்கும் கறுப்பு யூ.எஸ்.பி. துளையில் செருகிப் பார்ப்போம். பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

மேசைக் கணினிகளில் மானிட்டரும் ஏமாற்றுகிறது. தூக்கத்திலிருந்து எழ அதற்குச் சில நொடிகள் ஆகும். சின்னம் திரையில் தெரிந்த பிறகுதான் விசையை அழுத்த வேண்டும் என்று காத்திருப்பவர், வண்டி போன பிறகு நடைமேடைக்கு வருகிறார். பவர் பொத்தானை அழுத்திய கையோடு விசையைத் தட்டத் தொடங்க வேண்டும். அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி எடுப்பது நல்லது, ஏனென்றால் அழுத்திப் பிடித்தால் விசை சிக்கிக்கொண்டது என்று சில கணினிகள் பிழை காட்டுகின்றன. பழைய கணினிகளில் கீபோர்டு இல்லை, தொடர எஃப்1-ஐ அழுத்தவும் என்று திரையில் வருவதைப் பார்த்தவர்களுக்கு, கணினிக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு என்பது தெரிந்திருக்கும்.

எந்த விசை என்பதிலும் ஒழுங்கு கிடையாது. டெல் கணினிகளில் பயாஸுக்கு எஃப்2, பூட் மெனுவுக்கு எஃப்12, எச்.பி.யில் எஸ்கேப் அழுத்தினால் பட்டியல் வரும். ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக் கோத்த கணினிகளில் பெரும்பாலும் டெலிட். லெனோவோவின் சில மடிக்கணினிகளில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அதைக் குத்த வேண்டும்.

உண்மையிலேயே கீபோர்டு கெட்டுப்போவதும் உண்டு. காசிமேட்டுப் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் மடிக்கணினிகளில், உப்புக்காற்று பிடித்து மேல்வரிசை விசைகள் மட்டும் செத்துப்போயிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் விண்டோஸுக்குள்ளும் அந்த விசைகள் வேலை செய்யாது. இந்த ஒரு சோதனையைக்கூடச் செய்யாமல் கீபோர்டை மாற்றச் சொல்வதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பல கணினிகளில் அது இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கிறது. மாற முடியாதவர்கள் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் போடப் பார்க்கிறார்கள். எந்த வழியில் போனாலும் இதுவரை பயாஸின் முகத்தையே பார்த்திராத குடும்பங்கள் இப்போது அந்த விசைகளைத் தேடுகின்றன. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கும் கணினியில் பயாஸ் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுக் கணினி நின்றுவிடக்கூடும். அந்த எண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறொரு கைப்பேசியில் அதைத் திறந்து எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸைத் தொட வேண்டும். எண்ணைத் தொலைத்துவிட்டு வட்டில் இருந்த படங்களையெல்லாம் இழந்த ஒருவர் என் கடை பெஞ்சில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தங்கள் பகுதியில் அடுத்த வாரம் எஃப்8 பற்றிய அந்த வரியைத் திருத்தி, ஷிஃப்ட்டோடு ரீஸ்டார்ட் என்ற வழியையும், மூன்று முறை அணைக்கும் வழியையும், மீட்பு எண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட வாசகர் இதற்குள் கீபோர்டு வாங்கியிருந்தால், பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இங்ஙனம்,
டி.டி.பி. நிலையம் நடத்தும் தங்கள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21