ஒரு காட் கூடுதலாக எடுத்தால்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மா முழங்கால் நோவோடும் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயில் ஏறத்தான் செய்கிறா. மற்றக் கதைகள் பிறகு. முதலில் உன் மகனின் விஷயம்.

மேஜிக் என்கிற சீட்டாட்டப் போட்டியில் எதிரே இருந்த பெடியன் ஒரு காட் கூடுதலாக எடுத்தான், நடுவர் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார், இது என்ன நியாயம் என்று கொதித்து எழுதியிருக்கிறாய். கோபம் விளங்குகிறது. ஆனால் அந்த நடுவர் செய்ததுதான் சரி. நீ பாதிக் கதையை விட்டுவிட்டாய். அந்தப் பெடியன் கையில் வைத்திருந்த காட் முழுவதையும் உன் மகனுக்குக் காட்டச் சொல்லியிருப்பாரே? எந்தக் காட் போக வேண்டும் என்று உன் மகன்தான் தெரிவு செய்திருப்பான். அது திரும்ப டெக்கில், அதாவது காட் எடுக்கும் கட்டில், கலக்கப்பட்டிருக்கும். யோசித்துப் பார்: தவறுதலாக வந்தது ஒன்றுக்கும் உதவாத காட் என்றாலும், போவது கையிலிருந்த ஆகச் சிறந்தது. எதிராளி கையை முழுக்கப் பார்த்தும் விடுகிறான். இதில் லாபம் யாருக்கு?

முந்தி இந்தப் பிழைக்குப் பொதுவாக அந்த ஆட்டமே தோல்விதான். பிறகுதான் மாற்றினார்கள், மாற்றியது நல்லது. சனிக்கிழமைகளில் உப்புவெளியில் பெடியளை வைத்து மேஜிக் ஆட்டம் நடத்துகிறேனே, அங்கே இது அடிக்கடி நடக்கும். கடல் ஈரத்துக்குக் காட் போடும் கவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேல் காட்டை இழுத்தால் அடுத்ததும் சேர்ந்து வந்து முகம் காட்டிவிடும். பெடியன் கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பான். கைக்குள் போகாமல் முகம் மட்டும் தெரிந்தால் இன்னும் லேசு: டெக்கில் ஒழுங்கு தெரியாத பகுதியைக் கலக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இதற்கெல்லாம் ஒரு பிள்ளையைத் தோற்கடிக்க வேண்டுமா?

எச்சரிக்கை சும்மா வாய்ச்சொல்லும் இல்லை. எழுதி வைப்பார்கள். அதே வகைப் பிழை அதே நாளில் மூன்றாம் முறை வந்தால் அந்த ஆட்டம் போய்விடும். எழுதி வைத்தால்தானே அடுத்த மேசையில் நிற்கிற நடுவருக்கும் தெரியும்?

பிழைக்கும் களவுக்கும் நடுவில் கோடு போடுவதுதான் நடுவரின் உண்மையான வேலை. விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே லாபத்துக்காகச் செய்தால் அது களவு. அதற்கு எச்சரிக்கையே கிடையாது, போட்டியை விட்டே வெளியேற்றம். அதனால்தான் நல்ல நடுவர் சந்தேகம் வந்தால் ஆளைத் தனியே கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்று கேட்பார். நாங்கள் விறாந்தையில் முந்நூற்றிநாலு சீட்டு ஆடின காலத்தில் எப்படி? கையில் டைமன் இருக்கத் துரும்பால் வெட்டினவன் பிடிபட்டால் பெரிதாகக் கத்துகிறவன் சொன்னதுதான் தீர்ப்பு. மூன்றாம் ஆள் ஒருவர் நின்று நிதானமாகக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மினுங்குகிற ஃபொயில் காட்டிலும் இதே கேள்விதான், பிழையா களவா என்று. எங்கள் ஈரத்துக்கு அது வில் மாதிரி வளைந்து, டெக்கைப் பக்கவாட்டில் பார்த்தாலே எங்கே இருக்கிறது என்று தெரியும். அடையாளம் வைத்த காட் என்ற கணக்கில் வரும். வளைந்தது எல்லாக் காட்டுமா, முக்கியமான நாலு மட்டுமா என்று முதலில் பார்ப்பேன். அப்புறம், சாதாரணக் காட்டாக மாற்றச் சொல்வேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரிய போட்டிகளில் எதிராளி தன் காட்டில் தானாகத் தூண்டப்படும் பலனை மறந்துவிட்டால் நினைவூட்டத் தேவையில்லை. விழிப்பாக ஆடுவதும் திறமைதான் என்கிறார்கள். வளர்ந்தவர்களுக்குச் சரி. சின்னப் பிள்ளைகள் ஆடும் மேசையில் நான் நினைவூட்டத்தான் சொல்வேன்.

மகனிடம் சொல்லு: சந்தேகம் என்றால் உடனே கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடட்டும். தீர்ப்பு ஒப்பவில்லை என்றால் மரியாதையாகத் தலைமை நடுவரிடம் முறையிடலாம், அவர் சொன்னால் முடிவு. அதில் போகும் நேரத்தைக் கூட்டித் தருவார்கள், பதற வேண்டாம்.

இன்னொன்று கேட்டு எழுது. கூடுதல் காட்டைப் பற்றி அந்தப் பெடியன் தானே வாய் திறந்தானா, அல்லது உன் மகன் கண்டுபிடித்தானா? நான் அந்த மேசையில் நின்றிருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னா.

உன் கூட்டாளி