அடித்தளத்தோடு நின்றது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கடற்கரைப் பகுதியில் அரசுத் திட்ட வீடுகள் சில 'அடித்தளத்தோடு நின்றுபோயின' என்று தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. படித்தவர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டார்கள். "வானம் தோண்டியதோடு நின்றதா, பேஸ்மட்டம் வரை வந்து நின்றதா? அதைச் சொல்லக் காணோமே" என்றார் இங்குள்ள கொத்தனார் ஒருவர். வானம் என்பது சுவர் எழுப்பத் தோண்டும் குழி. பேஸ்மட்டம் என்பது அதிலிருந்து தரைக்கு மேல் எழுப்பும் அடிக்கட்டு. நியாயமான கேள்வி.

இரண்டுக்கும் நடுவே ஒரு தவணைப் பணம் இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் தரைமட்டம் (அதாவது பேஸ்மட்டம்), ஜன்னல் மட்டம், கூரை, பணி முடிவு என்று நிலை பார்த்தே தொகை விடுவிக்கப்படுகிறது. வானத்தோடு நின்றவருக்குத் தரைமட்டத் தவணை வந்திருக்காது. பேஸ்மட்டம் முடித்தவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் செய்தியே வேறு. 'அடித்தளம்' இருவரையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டது.

தளம் என்றதும் ஒற்றைப் பரப்புதான் மனதில் வருகிறது. வீட்டைத் தாங்குவதோ அடுக்கடுக்கானது. மணற்பாங்கான எங்கள் பக்கத்தில் வானம் தோண்டத் தோண்டப் பக்கத்து மணல் சரிந்து உள்ளே விழும். சற்று ஆழம் போனால் தண்ணீர் கசியும். அடிமணலை நீர் விட்டுத் திமுசுக் கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் ஜல்லிக் கலவை, பிறகு கல்கட்டு, அதற்கும் மேலே பெல்ட் கான்கிரீட். உள்ளே மண் நிரப்பி, நீர் ஊற்றி, மறுபடி அடித்து இறுக்கிய பிறகுதான் தரை. வேலை செய்பவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. (ஆங்கிலேயருக்கு பேஸ்மென்ட் என்றால் நிலவறை, நம் ஊரில் அது மண்ணுக்கு மேலே எழும்பிப் பேஸ்மட்டமாகிவிட்டது!)

வானத்துக்குள் என்ன போடுகிறார்கள் என்பதும் இங்கே சிறிய விஷயமில்லை. ஒரு காலத்தில் பவளப்பாறைக் கல்லையும், அதைச் சுட்டெடுத்த சுண்ணாம்பையும் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார்கள். 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் அந்தக் கல்லை இன்றும் துளைதுளையாகப் பார்க்கலாம். அப்படி வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாக, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. இப்போது பவளத்தைத் தொட்டால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அதனால் இன்று கல்லும் ஜல்லியும் வெளியிலிருந்து லாரியில் வந்து இறங்க வேண்டும். செலவில் கணிசமான பகுதி மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும்.

'வளர்ச்சிக்கு அடித்தளமிட்டோம்' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு அந்தச் சொல் தாராளமாகப் போதும். வீடு பாதியில் நிற்கும் குடும்பத்தைப் பற்றிய செய்திக்குப் போதாது.

தங்கள் செய்தியாளர் மறுபடி அந்தத் தெருவுக்குப் போனால், வானத்தோடு நிற்பவை எத்தனை, பேஸ்மட்டத்தோடு நிற்பவை எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்கும் மனுவோடு அந்தச் செய்தி நறுக்கை இணைக்கலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.