யூலியஸ் சீசர் உரோமின் முதற் பேரரசர் அல்லர்

ஆசிரியர் அவர்கட்கு,

உரோமின் முதற் பேரரசர் யார் என்ற கேள்விக்கு 'யூலியஸ் சீசர்' என்ற விடை தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் மறுபடியும் வந்திருக்கிறது. எமது பகுதிப் பொது அறிவுப் போட்டிகளிலும் இதே விடைக்குத்தான் புள்ளி போடுகிறார்கள். இது தவறு. சரியான விடை அகஸ்டஸ், அவர் ஆட்சி தொடங்கிய ஆண்டு கி.மு. 27. உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகத்தைப் பாடமாக எடுக்கும் பிள்ளை இந்தப் பிழையோடுதான் வந்து சேருகிறது. மனதில் ஒருமுறை ஊன்றிவிட்டால் அதைப் பிடுங்குவது பெரும்பாடு.

பிழையின் பாதி மொழிபெயர்ப்பில் இருக்கிறது. சீசர் வகித்த பதவி 'டிக்டேற்றர்'. அதைச் 'சர்வாதிகாரி' என்று தமிழாக்கியதும் ஹிட்லரும் முசோலினியும் பிள்ளையின் கண்முன் வந்து நிற்கிறார்கள். உரோமில் அது சட்டப்படியான ஓர் அவசரகாலப் பதவி. கி.மு. 509இல் மன்னராட்சியை ஒழித்தவர்கள், கொன்சல் எனப்படும் தலைமை ஆட்சியாளர் இருவரை ஆண்டுதோறும் தெரிவு செய்தார்கள். ஒருவர் இடும் கட்டளையை மற்றவர் தடுக்கலாம். கோடரி செருகிய பிரம்புக்கட்டு ஏந்திய 12 சேவகர் முன்னே நடப்பது கொன்சலுக்குரிய மரியாதை. நகருக்குள் அந்த முதன்மை மாதத்துக்கு மாதம் கைமாறும். போர் முற்றி, இருவர் இழுபறியில் நாடு கெட்டுவிடும் என்ற நிலை வந்தால், செனற் என்ற மூத்தோர் சபையின் ஆலோசனைப்படி கொன்சல் ஒருவர் ஒரு டிக்டேற்றரை நியமிப்பார். அவருக்கு முன்னே 24 பிரம்புக்கட்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

இந்தக் கால எல்லைதான் அந்தப் பதவியின் உயிர். கி.மு. 202க்குப் பின் 120 ஆண்டுகள் உரோமில் எவரும் டிக்டேற்றர் ஆகவில்லை. கி.மு. 82இல் படையோடு நகரைக் கைப்பற்றிய சுல்லா என்ற தளபதி, பெயரை வைத்துக்கொண்டு எல்லையை எடுத்துவிட்டார். சில ஆண்டுகளில் தாமாகவே விலகினாலும் வழி திறந்துவிட்டது. சீசர் கி.மு. 49இல் அப்பதவியை 11 நாள்தான் வைத்திருந்தார், தேர்தலை நடத்திவிட்டு இறங்கினார். கி.மு. 46இல் பத்தாண்டுக்கு என்றார்கள். கி.மு. 44இன் தொடக்கத்தில் வாழ்நாள் முழுவதற்கும் என்றார்கள். அந்த ஆண்டு வெளிவந்த வெள்ளி நாணயத்தில் சீசரின் தலையும், சுற்றிவர 'நிரந்தர டிக்டேற்றர்' என்ற சொல்லும் இருக்கின்றன. உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தை உரோமின் நாணயசாலை பொறித்தது அதுவே முதல் தடவை. மார்ச் 15இல் அவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் கொன்சலாக இருந்த அன்ரனி அந்தப் பதவியையே சட்டம் போட்டு ஒழித்தார்.

ஆகவே சீசர் விட்டுச்சென்ற நாற்காலியில் அகஸ்டஸ் அமரவில்லை. அமர நாற்காலியே இருக்கவில்லை. கி.மு. 22இல் மக்களே டிக்டேற்றர் பதவியை ஏற்கும்படி கேட்டபோதும் அவர் மறுத்துவிட்டார். அவர் செய்தது இன்னும் நுட்பமானது: பதவியை விட்டுவிட்டு அதிகாரத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். திரிபியூன் என்பது பிளெபியர்களுக்கு, அதாவது பொதுமக்களுக்கு, மட்டும் உரிய காவலர் பதவி; அகஸ்டஸ் பெற்றீசியர், அதாவது உயர்குடியினர். ஆனால் கி.மு. 23இல் திரிபியூனுக்குள்ள தடுப்பதிகாரம், செனற்றைக் கூட்டும் உரிமை, உடலில் எவரும் கைவைக்க முடியாத பாதுகாப்பு எல்லாம் வாழ்நாளுக்கும் அவருக்குக் கிடைத்தன. படைகள் நிலைகொண்ட பெரும்பாலான மாகாணங்களும் அவர் பொறுப்பில். கொன்சல் தேர்தல் வழமைபோல் நடந்துகொண்டே இருந்தது. 'மன்னர்' என்ற சொல் எங்கும் இல்லை. மற்றதெல்லாம் பணம். கி.பி. 6இல் படைவீரர் ஓய்வுநிதிக்குத் தம் சொந்தப் பணத்தில் 17 கோடி செஸ்ரர்ஸ் (உரோம நாணயம்) போட்டு, அதைத் தொடர்ந்து நிரப்ப 5 வீத மரணவரியும் ஏலவிற்பனையில் 1 வீத வரியும் விதித்தார். சேவை முடித்த காலாட்படைவீரனுக்கு 12,000 செஸ்ரர்ஸ், அதாவது அவனுடைய பதின்மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். முன்பு வீரன் தன் தளபதியின் முகத்தைப் பார்த்திருந்தான். இனி அவன் பார்க்க வேண்டியது ஒருவரை மட்டுமே.

சட்டத்தில் இல்லாத பதவிக்குச் சட்டப்படி வாரிசும் இல்லை. இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான். அகஸ்டஸ் சீசருக்குச் சகோதரியின் பேரன், உயிலால் மகனானவர். எமது மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியே வருவதால் இங்குள்ள பிள்ளைகளுக்கு இந்த உறவு சட்டென்று பிடிபடும், உரோமருக்கோ தத்தெடுத்தால்தான் பெயர் சேரும். தைபீரியஸ் அகஸ்டஸின் மனைவியின் மகன். தைபீரியசுக்கு அடுத்தவர் கலிகுலா; அவருக்குப் பின் வந்த கிளோடியஸ் கலிகுலாவின் சிற்றப்பா. கிளோடியசின் மனைவியின் மகன் நீரோ. பெற்ற மகன் தந்தையைத் தொடர்ந்து ஆட்சிக்கு வந்தது கி.பி. 79இல், வெஸ்பாசியனுக்குப் பின் டைட்டஸ்தான். இடையில் கி.பி. 69இல் ஒரே ஆண்டுக்குள் நான்கு பேர் ஆட்சியில் இருந்தார்கள். வாரிசுச் சட்டம் இல்லாத இடத்தில் படையே தீர்மானித்தது: கிளோடியஸ் தம்மைப் பேரரசராக்கிய மெய்க்காவல் வீரருக்குத் தலைக்கு 15,000 செஸ்ரர்ஸ் கொடுக்க இணங்கினார். கி.பி. 193இல் அதே படை ஆட்சியை ஏலத்திலேயே விட்டது. வீரர் தலைக்கு 25,000 என்று கேட்டு எடுத்த டிடியஸ் யூலியானஸ் 66 நாள்தான் தாக்குப்பிடித்தார்.

ஆண்டுக் கணக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டது 41 ஆண்டுகள் என்று எழுதுகிறார்கள். பூச்சியம் என்ற ஆண்டு இல்லை, கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும்: 40.

பெயர்களை மனனம் செய்விப்பதை விட, நாணயப் படங்களைக் காட்டித் தலையைச் சுற்றியுள்ள பட்டங்களை வாசிக்கப் பழக்குவது நல்லது. கொன்சல் எத்தனை தடவை, திரிபியூன் அதிகாரத்தில் எத்தனையாவது ஆண்டு என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதற்கு எங்கள் தீவிலேயே முன்னோடி உண்டு. காற்றில் அள்ளுண்டு இலங்கையில் கரைசேர்ந்த உரோமன் ஒருவன் வைத்திருந்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகளை இங்கிருந்த அரசன் பார்த்தான் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். தலைகள் வேறுவேறு, நிறை மட்டும் ஒன்று. அதைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்து, கிளோடியசிடம் நான்கு தூதரை அந்த அரசன் அனுப்பினான். அப்போது ஓர் உரோம இறாத்தல் வெள்ளிக்கு 84 தெனாரியஸ் அடித்தார்கள். கி.பி. 64இல் நீரோ அதை 96 ஆக்கினார், அதாவது காசின் நிறையைக் குறைத்தார்.

இங்ஙனம்,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
களுதாவளை, மட்டக்களப்பு.