அந்த கேன்வாஸ தூக்கி போட்றாத

அம்மு,

நீ அனுப்புன போட்டோவ பாத்தேன், அதான் ரோட்டோரத்துல பறிச்ச பூவ கண்ணாடி ஜாடில வெச்சு ஆயில் பெயின்ட்ல போட்டியே, அது. கேவலமா இருக்குப்பா குப்பைல போடப் போறேன்னு கீழ வேற எழுதியிருக்க. உங்கம்மாவ கேட்டா நல்லாத்தானே இருக்குங்கறா, அவளுக்கு நீ எது பண்ணாலும் நல்லாத்தான் இருக்கும். டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவனுக்கு அப்படி சொல்ல வாய் வரல. எல்லா கலர்லயும் வெள்ளைய கலந்துட்ட, அதான் வெளுத்துப் போய் கெடக்கு. ஆனா ஜாடி விளிம்ப தாண்டி ஒரு சிவப்பு பூ சாஞ்சு நிக்குது பாரு, அத மட்டும் யோசிக்காம ஒரே இழுப்புல இழுத்திருக்க, பிரஷ் முடி தடம் கூட தெரியுது, அதுல உசுரு இருக்கு.

நெதர்லாந்துல நீ இருக்கற ஐந்தோவனுக்கு பக்கத்துல தானே நூனென் ஊரு, 1885 கடைசி வரைக்கும் ஓவியர் வான்கோ அங்க தான் இருந்தாரு. அங்கருந்து பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப் போயி ஓவிய அகாடமில சேந்து, ரெண்டு மல்யுத்தக்காரங்கள பெருசா வரைஞ்சேன்னு 1886 ஜனவரில தம்பி தியோவுக்கு லெட்டர் போடறாரு. அப்புறம் பாரிஸ். மாடலுக்கு குடுக்க கைல காசில்ல, சரின்னு பூவ வெச்சே கலர் பழகுனாரு, நீலத்துக்கு எதிர ஆரஞ்சு, சிவப்புக்கு பச்சை, மஞ்சளுக்கு ஊதா, இப்படியே பாப்பி, ரோஜா, சாமந்தின்னு போட்டுகிட்டே இருந்தாரு. அந்த மல்யுத்தக்காரங்க இருந்த கேன்வாஸயும் விடல, பழச சுரண்டக்கூட இல்ல, அவங்க மேலயே ஒரு ஜாடி நெறைய காட்டுப்பூவும் ரோஜாவுமா போட்டுட்டாரு.

அந்த படம் உங்க நாட்லயே தான் இருக்கு, ஓட்டர்லோல க்ரோலர்-முல்லர் மியூசியம். 1974ல வாங்குனாங்க. ஆனா ஒரு மீட்டர் உயரம், இவ்ளோ பெருசா அவரு பூ போட மாட்டாரே, கையெழுத்து ஏன் மேல வலது மூலைல இருக்கு, பூவும் ரொம்ப அடைச்சு கெடக்கேன்னு சந்தேகம் வந்து 2003ல இது அவரோடதே இல்லன்னு ஒதுக்கிட்டாங்க. (பூ ஜாஸ்தியா இருக்குன்னு ஒரு குத்தமா, கேக்கவே எரிச்சலா இருக்கு.) முன்ன எடுத்த எக்ஸ்ரேல அடில ரெண்டு ஆளு மங்கலா தெரிஞ்சுது. அப்புறம் எந்தெந்த எடத்துல என்ன உலோகம் இருக்குன்னு புள்ளி புள்ளியா காட்டுற ஸ்கேன் எடுத்தாங்க, இடுப்புத்துணியோட ரெண்டு பேரு மல்லுக்கு நிக்கறது நல்லாவே தெரிஞ்சுது, லெட்டர்ல சொன்ன அதே ஆளுங்க. 2012ல அவரு படம் தான்னு மறுபடி ஒத்துகிட்டாங்க. ஒரு ஞாயித்துக்கெழம போயி அத நேர்ல பாரு, பெயின்ட் எவ்ளோ தடிமன்னு போட்டோல தெரியாது.

உன் கேன்வாஸ் மேலயும் தாராளமா போடலாம், ஆனா இப்பவே இல்ல. ஆயில் பெயின்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயாது, காத்த இழுத்து இறுகும், தடிமனா வெச்ச எடத்துல பால் மேல ஏடு கட்டுன மாதிரி மேல காஞ்சிருக்கும், உள்ள மாசக்கணக்குல ஈரம் இருக்கும். அடிப்பூச்சுல பெயின்ட்ட கரைக்கற டர்பன்டைன் விட்டு மெல்லிசா, மேல போகப்போக எண்ணெய் ஜாஸ்தி, இத மாத்துனா பின்னாடி பெயின்ட்ல விரிசல் விட்ரும். கட்டிலுக்கு அடில தள்ளி வெக்காத, இருட்டுல பெயின்ட்ல இருக்கற லின்சீட் எண்ணெய் (ஆளி விதை எண்ணெய்) மஞ்சளாயிரும், சுவத்துல மாட்டு.

இன்னொண்ணு, பிரஷ் தொடச்ச துணி. லின்சீட் எண்ணெய் பட்ட துணிய கசக்கி குப்பைக்கூடைல போட்டா அது தானா சூடேறி தீப்பிடிக்கும், நெஜமாத்தான் சொல்றேன், நெருப்பு கிட்ட காட்டவே வேணாம். வெளிய விரிச்சு காய வை, இல்லன்னா தண்ணில முக்கி மூடி போட்ட தகர டப்பால போடு. உங்கம்மா கிட்ட இத சொல்லித் தொலைச்சேன், இப்ப படத்தையே விடச் சொல்லுங்கறா. துணிய என்ன பண்ணன்னு அவளுக்கு ஒரு மெசேஜ் போட்ரு.

அப்பா