13 டிகிரியில் நிற்க வேண்டிய மவுண்ட்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். மாசி மாதம் ஊருக்கு வரும்போது தொலைநோக்கியைக் கொண்டுவந்து ஜவ்வாது மலையில் படமெடுக்கப் போவதாகவும், மவுண்டையும் (தொலைநோக்கியைத் தாங்கி, நட்சத்திரத்தோடு கூடவே திருப்பும் கருவி) மற்றச் சாமான்களையும் ஹாம்பர்க்கிலேயே வாங்கப் போவதாகவும் நீ எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. ஆனால் பணம் கட்டுமுன், நீ வாங்கும் ஊர் வேறு, கருவி நிற்கப்போகும் ஊர் வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்.

400 மில்லிமீட்டர் குவியத் தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் உள்ள உன் கருவியில், ஐந்து நிமிடப் படமொன்றுக்குள் வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ 2,300 பிக்சல் தூரம் நகர்ந்துவிடும். அதை ஓரிரு பிக்சலுக்குள் கட்டி நிறுத்துவது மவுண்டின் வேலை. அதற்கு அதன் துருவ அச்சு, அதாவது அது சுழலும் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தாக வேண்டும். ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு டிகிரி அச்சு நிமிர வேண்டும் என்பதால், ஹாம்பர்க்கில் அது 53 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். நம் பக்கம் 13 டிகிரிக்குச் சாய்ந்து, ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் அச்சும் அப்படிச் சாய்ந்ததுதான். அதைக் குதிரை லாட வடிவத் தாங்கியில் ஏற்றியிருக்கிறார்கள்.

சில மவுண்டுகள் 15 அல்லது 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. ஆகவே விவரக்குறிப்பில் மிகக் குறைந்த அட்சரேகை எவ்வளவு என்பதை முதலில் பார். இறங்கினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அச்சு படுக்கப் படுக்கப் பாரம் முழுவதும் வடக்கே தள்ளிப்போகும். முக்காலியின் ஒரு காலை வடக்கே வைத்தால்தான் கவிழாமல் நிற்கும். எதிர் எடை போடும் மவுண்டாக இருந்தால், அந்த எடைத் தண்டு அதே காலில் போய் இடிக்கும். இதனாலும், விமானத்தில் இரும்பு எடைகளைச் சுமக்க வேண்டாம் என்பதாலும், எதிர் எடை இல்லாமலே பாரம் தாங்கும் ஹார்மோனிக் கியர் மவுண்டே உனக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். அந்தக் கியரில் தானாக ஏற்படும் பிழை அதிகம் என்பதால் கைடு கேமரா (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் சிறு கேமரா) இல்லாமல் அதை நம்பாதே.

அந்தக் கேமராவைப் பொருத்தும் சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப்பை, குழாயின் மேலுள்ள ஃபைண்டர் ஷூ என்ற செருகு பள்ளத்தில் இரண்டு திருகுகளால் மட்டும் பிடித்து வைக்கும் ஏற்பாடு வேண்டாம். கைடு ஸ்கோப் நூலளவு அசைந்தாலும், மென்பொருள் எல்லாம் சரியென்று காட்டிக்கொண்டிருக்கும்போதே படத்தில் நட்சத்திரங்கள் நீண்டுவிடும். இரண்டு வளையங்களுக்குள் வைத்து இறுக்கு. தொலைநோக்கியின் அடிப்பட்டையை மவுண்டோடு பிடிக்கும் டவ்டெயில் கிளாம்பையும் கையில் எடுத்துப் பார். திருகின் முனை மட்டும் பட்டையைக் குத்திப் பிடிப்பதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. தாடை முழுநீளத்துக்கும் பட்டையைக் கவ்வ வேண்டும். பட்டறையில் ஆயுள் முழுவதும் வைஸில் வேலை பார்த்தவன் என்பதால் இதில் உறுதியாகச் சொல்கிறேன்.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய உதவும் துருவ நோக்கிக்குச் செலவு செய்யாதே. 13 டிகிரி உயரத்தில் துருவ நட்சத்திரம் பெரும்பாலும் மரத்திலோ புகைமூட்டத்திலோ மறைந்துவிடும். கேமரா எடுக்கும் படங்களைக் கொண்டே அச்சைச் சரிசெய்யும் மென்பொருள் போதும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணப் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள். 12 வோல்ட் பேட்டரியை இங்கேயே வாங்கி வைக்கிறேன்.

ஹாம்பர்க்கில் உதிக்கவே உதிக்காத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, மாசிப் பின்னிரவில் இங்கே 30 டிகிரி உயரம் வரை ஏறும். ஆனால் தலைக்கு நேர்மேலே நோக்கிப் படமெடுக்கும்போது குழாய் முக்காலியில் இடிக்காதிருக்க, மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு தூண் வேண்டும். அதை விலை கொடுத்து வாங்க வேண்டாம். மவுண்டின் அடிவிட்டத்தையும் போல்ட் துளைகளின் இடைவெளியையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அனுப்பு. ராணிப்பேட்டையில் நான் வேலை பார்த்த கடைசல் பட்டறையிலேயே அலுமினியத்தில் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா
வேலூர்